கோட்டின் நிறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சிபாரிசு செய்ததால் பேட்ரிக் ஓ'பிரையனின் கடற்படை நாவல்களை எடுத்தேன். பதினொன்றாவது வரை வந்துவிட்டேன். ஆனால் அவற்றின் நாயகன் கேப்டன் ஜாக் ஆப்ரி மேல் மரியாதை வரவில்லை. மேலதிகாரியின் மனைவியோடு உறவு, பெரியவர்களிடம் துடுக்கு, எதிரிக் கப்பலைக் கண்டதும் பணக்கணக்கு. இவனுக்கு எதற்கு இத்தனை பாராட்டு? பங்குச் சந்தை மோசடி வழக்கு வரும்போது மட்டும் ஆசிரியர் அவனை அப்பாவியாக்கிக் காப்பாற்றிவிடுகிறாரே, இது நியாயமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பணக்கணக்கில் தொடங்குகிறேன், அதில்தான் நாம் ஆப்ரியைத் தவறாகப் புரிந்துகொள்கிறோம். நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையில் பிடிபட்ட கப்பலின் மதிப்பைப் பங்கு போட்டுக் கொடுப்பது சட்டப்படியான ஏற்பாடு. 1808 வரை எட்டில் இரண்டு பங்கு கேப்டனுக்கு. சண்டை நடந்த இடத்திலேயே இல்லாத அட்மிரலுக்கு ஒரு பங்கு. மாலுமிகள் எல்லாருக்கும் சேர்த்தே இரண்டு பங்குதான். அரசாங்கமே ஆசையைக் காட்டித்தான் ஆட்களைக் கடலுக்கு அனுப்பியது. கப்பலைக் கண்டால் ஆப்ரிக்கு வாய் ஊறுகிறது என்றால், அது அவன் தொழிலிலேயே இருக்கிறது.

ஆப்ரிக்குப் பின்னால் தாமஸ் காக்ரேன் என்ற நிஜ பிரிட்டிஷ் கேப்டன் இருக்கிறார். முதல் நாவலின் பெரிய சண்டை அவருடையது. 1801 மே 6, பார்சிலோனாவுக்கு அருகே. அவருடைய 'ஸ்பீடி'யில் 14 சின்னப் பீரங்கிகள், 54 பேர். எதிரே ஸ்பெயினின் 'கமோ', 32 பீரங்கிகள், 319 பேர். ஸ்பீடியின் குண்டுகள் எவ்வளவு சிறியவை என்றால், ஒரு பக்கத்துப் பீரங்கிகளுக்கான அத்தனை குண்டுகளையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு தளத்தில் நடந்திருக்கிறார் காக்ரேன். கமோவின் குண்டுகள் தலைக்கு மேலே போகும் அளவுக்கு நெருங்கி ஒட்டிக்கொண்டார். அப்புறம் சுக்கான் பிடிக்க மருத்துவரை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாரையும் கூட்டிக்கொண்டு எதிரிக் கப்பலில் ஏறினார். அங்கே பறந்த ஸ்பானியக் கொடியைத் தன் ஆள் ஒருவனை விட்டு இறக்கச் சொன்னார். சரணடைந்துவிட்டோம் என்று நினைத்து அவர்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டார்கள்.

இதற்குக் கிடைத்த பலன்? கமோவைக் கடற்படை வாங்கவில்லை, அல்ஜீரியர்களுக்குக் குறைந்த விலையில் போயிற்று. படுகாயமடைந்த தன் லெப்டினன்ட்டுக்குப் பதவி உயர்வு கேட்டார் காக்ரேன். ஸ்பீடியில் செத்தவர்கள் குறைவு என்று மறுத்தார் கடற்படைத் தலைமையில் இருந்த செயின்ட் வின்சென்ட் பிரபு. உங்களுக்குப் பிரபு பட்டம் வாங்கித் தந்த போரில் உங்கள் கப்பலில் செத்தது ஒருவர்தானே என்று திருப்பிக் கேட்டார் காக்ரேன். நீங்கள் துடுக்கு என்பது இதுதான். காயம்பட்ட தன் ஆளுக்காகப் பேசியவரை என்னால் குறை சொல்ல முடியாது.

1809இல் பிரான்சின் கரையோரம் பாஸ்க் ரோட்ஸில் பிரெஞ்சுக் கப்பல்கள் மீது தீக்கப்பல்களை ஏவியதற்காகக் காக்ரேனுக்குப் 'பாத்' என்ற வீரப்பட்ட விருது கிடைத்தது. தப்பிய கப்பல்களை அட்மிரல் காம்பியர் முடிக்காமல் விட்டுவிட்டார் என்பது காக்ரேனின் ஆத்திரம். நாடாளுமன்றம் காம்பியருக்கு நன்றி சொன்னால் எதிர்ப்பேன் என்றார். காம்பியர் ராணுவ விசாரணை கேட்டு வாங்கி, அதில் விடுதலையானார். காக்ரேன்தான் ஒதுக்கப்பட்டார்.

இனி அந்த வழக்கு. இதில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். நாவலில் ஆப்ரி ஏமாற்றப்பட்டவன், படிக்கிற நமக்குச் சந்தேகமே இல்லை. அவனைச் சந்தியில் மரச்சட்டத்தில் கழுத்தை மாட்டி நிறுத்தும்போது மாலுமிகள் திரண்டு வந்து தொப்பியைக் கழற்றுகிறார்கள். அந்தப் பக்கத்தில் நான் அழுதிருக்கிறேன்.

காக்ரேனுக்கு அந்தத் தெளிவு வாய்க்கவில்லை. 1814 பிப்ரவரி 21 அன்று இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் சிவப்புச் சீருடையில் ஒருவன் வந்திறங்கி, நெப்போலியன் செத்துவிட்டான் என்று பொய் சொன்னான். அரசுக் கடன் பத்திரங்களின் விலை ஏறியது. காக்ரேனின் பத்திரங்களும் அன்றே விற்கப்பட்டன. லாபம் வந்தால் விற்றுவிடு என்று தரகரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன் என்றார். ஆனால் டோவரில் இறங்கிய டி பெரெங்கர் நேராகப் போனது காக்ரேனின் வீட்டுக்கு. அங்கே வந்தபோது அவன் பச்சைக் கோட்டு போட்டிருந்தான் என்று காக்ரேன் சத்தியம் செய்தார். சிவப்பு என்றார்கள் எதிர்த்தரப்புச் சாட்சிகள். சிவப்பு என்றால், அந்த வேஷத்தைக் காக்ரேன் கண்ணால் பார்த்தும் மறைத்தார் என்று ஆகும். குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. ஒரு வருடச் சிறை, 1000 பவுன் அபராதம். மரச்சட்டத் தண்டனையை மட்டும் கலவரத்துக்குப் பயந்து கைவிட்டார்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இருந்த அவருடைய 'பாத்' விருதுக் கொடியைப் பிடுங்கிப் படிகளில் உதைத்துத் தள்ளினார்கள். பிறகு அவர் சிலியின் கடற்படைக்குத் தலைமை ஏற்று 1820இல் வால்டிவியாவைப் பிடித்தார். 1832இல் பிரிட்டனில் மன்னிப்பும் பதவியும் திரும்பக் கிடைத்தன. 1860இல் இறந்தபோது, அடக்கத்துக்கு முந்தைய நாள் அந்தக் கொடியையும் திரும்ப மாட்டினார்கள்.

ஆப்ரியை நிரபராதி என்று தெரிந்தே நேசிக்கிறோம். காக்ரேன் விஷயத்தில் எனக்கு அந்த வசதி இல்லை. அவர் குற்றமற்றவர் என்றே நம்ப விரும்புகிறேன், ஆனாலும் அந்தக் கோட்டு உறுத்துகிறது. ஓ'பிரையன் இந்த உறுத்தலை ஆப்ரியிடம் விட்டுவைத்திருக்கலாம் என்பது என் மனக்குறை.

பன்னிரண்டாவது நாவலை இப்போதே எடுக்காதீர்கள். கடைசிக் காலத்தில் காக்ரேன் வெளியிட்ட தன்வரலாறு இருக்கிறது, அதைப் படியுங்கள். கோட்டின் நிறம் என்ன என்று உங்களுக்குத் தோன்றுகிறது என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்