எக்ஸ்ரே இல்லாத வழக்கில் மறுவிசாரணை கேட்காதீர்கள்

கேள்வி: வரப்புத் தகராறில் என் கணவர் அரிவாளால் வெட்டியதாக 2019-ல் போட்ட வழக்கில், மாஜிஸ்திரேட் கோர்ட் இந்திய தண்டனைச் சட்டம் 326-ன் (ஆயுதத்தால் கொடுங்காயம், அதாவது சட்டம் கடுமையானதாகக் கருதும் காயம்) கீழ் 2 ஆண்டு சிறை கொடுத்து 22 நாள் ஆகிறது. அப்பீல் செய்வதற்காகத் தண்டனையை அதே கோர்ட் நிறுத்தி வைத்திருக்கிறது. டாக்டர் சாட்சி சொன்ன அன்று எங்கள் வக்கீல் வரவில்லை, குறுக்கு விசாரணையே நடக்கவில்லை. டாக்டரைத் திரும்ப அழைக்கக் கேட்ட மனுவும் தள்ளுபடி. 313 கேள்விகள் (சாட்சியங்கள் பற்றி நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடமே விளக்கம் கேட்பது) ஐந்தே நிமிடத்தில் முடிந்தன. சாட்சிகள் எல்லாம் அவர்கள் பங்காளிகள், போலீஸும் அவர்கள் பக்கம். நியாயமான விசாரணை இல்லாத இந்தத் தீர்ப்பு நிற்குமா? தீர்ப்பு நகல் இணைத்துள்ளேன்.

பதில்: பங்காளிகள் சாட்சி சொன்னதும் போலீஸ் சாய்ந்ததும் அப்பீலில் பெரிதாக எடுபடாது. சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் எந்த நீதிபதியும் சாட்சியத்தைத் தூக்கிப் போடுவதில்லை.

நீங்கள் அனுப்பிய தீர்ப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். ஆவணப் பட்டியலில் காயச் சான்றிதழ் இருக்கிறது. அதில் 'இடது முன்கை எலும்பு முறிவு, கொடுங்காயம்' என்று ஒரு வரி. எக்ஸ்ரே படம் பட்டியலில் இல்லை. அதைப் படித்துச் சொன்ன டாக்டரும் சாட்சிப் பட்டியலில் இல்லை. உங்கள் வழக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது. படமில்லாமல் எலும்பு முறிவு நிரூபணமாகவில்லை என்று சொல்லி 326-ஐ 324-ஆக (ஆயுதத்தால் சாதாரணக் காயம்) இறக்கிய தீர்ப்புகள் நிறைய உண்டு. ஆனால் காயம்பட்டவர் 20 நாள் கடும் வலியில் இருந்தார் அல்லது வேலைவெட்டி பார்க்க முடியவில்லை என்று பதிவில் எங்காவது இருந்தால் அந்த வழியாகவும் அது கொடுங்காயம் ஆகிவிடும். காயம்பட்டவரின் சாட்சியத்தை உங்கள் வக்கீல் அதற்காக ஒருமுறை வரி வரியாகப் படிக்கட்டும்.

கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். 'குறுக்கு விசாரணை மறுக்கப்பட்டது, டாக்டரைத் திரும்ப அழையுங்கள், வழக்கைத் திருப்பி அனுப்புங்கள்' என்று அப்பீல் மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுவார்கள். செஷன்ஸ் நீதிபதியும் சரி என்று திருப்பி அனுப்புவார். டாக்டர் வருவார். இந்தத் தடவை அரசு வக்கீல் ஆஸ்பத்திரியிலிருந்து எக்ஸ்ரேயையும் சேர்த்து வரவழைப்பார். எதிர்த் தரப்பு விட்ட ஓட்டையை நீங்களே அடைத்துக் கொடுத்ததாகும். குறுக்கு விசாரணை இல்லாதது உங்களுக்கு நஷ்டம்தான். ஆனால் எக்ஸ்ரே இல்லாதது அதைவிடப் பெரிய லாபம்.

313-லும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ல் இப்போது 351) இதே ஆபத்து. எலும்பு முறிவு பற்றி உங்கள் கணவரிடம் கேள்வியே கேட்கவில்லை என்றால் அது நல்ல பாயிண்ட். ஆனால் கேட்காததால் என்ன பாதிப்பு என்று காட்ட வேண்டும். வெறும் குறைபாட்டுக்காகத் தீர்ப்பு உடையாது. அந்தக் கேள்வியை அப்பீல் கோர்ட்டே அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம், இல்லை கீழே திருப்பி அனுப்பலாம். இதை முதல் அப்பீலிலேயே எழுதுங்கள். பிறகு ஹைகோர்ட்டில் புதிதாகக் கிளப்பினால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

கோரிக்கையின் வரிசை முக்கியம்: முதலில் விடுதலை. அடுத்து, 313-ல் உங்கள் கணவரிடம் கேட்கப்படாத சாட்சியத்தை ஒதுக்கிவிட்டு 324-ஆக மாற்றுவது. மறுவிசாரணை கடைசி வரியில், அதுவும் மாற்றுக் கோரிக்கையாக மட்டும். 324-க்கு இறங்கினால் இன்னொரு கதவும் திறக்கும். 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 4-வது பிரிவு, ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்துக்குக் கிடையாது, 326 அப்படிப்பட்டது. 324-க்கு அதிகபட்சம் 3 ஆண்டுதான் என்பதால், சிறைக்குப் போகாமல் பத்திரம் எழுதிக் கொடுத்து வெளியே இருக்க அப்பீல் கோர்ட்டே உத்தரவிடலாம்.

வக்கீல் வராத விஷயத்தை எழுதும் முன், வழக்குக் கட்டில் வாய்தாக் குறிப்புகளைப் பாருங்கள். குறுக்கு விசாரணைக்கென்று உங்கள் தரப்பு மூன்று நான்கு வாய்தா வாங்கியிருந்தால் அந்த வாதம் உங்கள் மேலேயே திரும்பும்.

அப்பீலுக்கு 30 நாள். சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி இழுக்காதீர்கள். மாஜிஸ்திரேட் நிறுத்தி வைத்தது அப்பீல் போடும்வரை மட்டுமே. அப்பீலோடு தண்டனை நிறுத்திவைப்பு மனுவும் போகாவிட்டால் வாரண்ட் வரும்.

பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: சமாதானம் பேசுங்கள். 326-ம் சரி, 324-ம் சரி, இப்போது ராஜி ஆகும் (இரு தரப்பும் சமாதானமாகி கோர்ட்டிலேயே முடித்துக்கொள்ளக்கூடிய) குற்றங்கள் அல்ல. அதனால் செஷன்ஸில் ராஜி மனு போட்டால் விடுதலை கிடைக்காது, தண்டனைதான் குறையும். முழுதாக முடிய ஹைகோர்ட் போக வேண்டும். தனிப்பட்ட பகையில் வந்த, கொடூரமில்லாத வழக்குகளைத் தண்டனைக்குப் பிறகும் ஹைகோர்ட் ரத்து செய்யலாம் என்று 2021-ல் ராம்கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஊர்ப் பெரியவர் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். காயம்பட்டவர் ஹைகோர்ட்டுக்கென்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடும் அன்று, இரு தரப்பு வக்கீலும் இருக்கும்போது, அவர் பெயருக்கே டி.டி.யாகக் கொடுங்கள்.