கேளுங்கள், சொல்கிறேன்: ஒரே சொடக்கு, இரண்டு அர்த்தம்

கே: நைஜீரியாவில் பிறந்த ஒரு ஸ்போக்கன் வேர்ட் கவிஞரின் நிகழ்ச்சிக்குப் போய் அழுதுவிட்டு வந்ததாகப் போன இதழில் ஒரு வரி எழுதினீர்கள். அவர் மனநலத்துக்காகப் பேசுகிறவர் என்றும் சொன்னீர்கள். முழுசாகச் சொல்லக்கூடாதா?

ப: ஒன்பது வருஷம் லேகோஸில் கணக்கு டீச்சராக இருந்தேன். லேகோஸ் தீவில் ஒரு சின்ன ஹால், நூறு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். கவிஞர் இபாதானில் பிறந்து, சின்ன வயதில் லண்டன் போனவர். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து மேடை ஏறுவார். பெயரைப் போடவில்லை. ஏன் என்று மூன்றாவது கேள்வியில் சொல்கிறேன்.

ஸ்போக்கன் வேர்ட் என்பது தாளைப் பார்த்துப் படிக்கிற கவிதை இல்லை. மனப்பாடமாக, கையும் காலும் தாளம் போட, எதிரே இருப்பவரிடம் பேசுவதுபோலச் சொல்வது. அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்டது தினமும் காதில் விழுகிற ஒரு விசாரிப்பு. அங்கே பிட்ஜினில், அதாவது ஊர் வழக்கில் கலந்துபோன ஆங்கிலத்தில், 'ஹௌ பாடி?' என்பார்கள், உடம்பு எப்படியிருக்கு என்று. அதற்குக் குறும்பாக ஒரு பதில் உண்டு: 'பாடி டே இன்சைட் குளோத்'. உடம்பு துணிக்குள்ள இருக்கு! நாம் 'ஏதோ ஓடுது' என்று சொல்லிவிட்டு நகர்கிற மாதிரிதான். இந்தப் பதிலை அவர் ஏழெட்டு தடவை சொன்னார். டான்ஃபோ வேன் கண்டக்டரிடம், பாஸ்டரிடம், அத்தையிடம், போனில் அம்மாவிடம். முதல் மூன்று தடவை ஹாலே சிரித்தது. அம்மாவிடம் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

பாதியில் கரண்ட் போய் மைக் செத்தது. அவர் நிறுத்தவில்லை. பின்பக்கம் யாரோ ஜெனரேட்டரைக் கிளப்பும்வரை இருட்டில் வெறும் குரலிலேயே போனார். உயிரோடு இருக்கப் பிடிக்காமல் போன ஒரு ராத்திரியைப் பற்றிச் சொன்னது அந்த இருட்டில்தான்.

உடனே சுற்றிலும் சொடக்குச் சத்தம். இந்த மாதிரி மேடைகளில் நடுவே கைதட்டினால் வரி கேட்காது என்பதால், பிடித்த இடத்தில் விரலைச் சொடுக்குவார்கள். இளவட்டங்கள் அதைத்தான் செய்தார்கள். ஆனால் என் பக்கத்தில் பெரிய கெலே, அதாவது தலைக்கட்டு, கட்டிய ஒரு அம்மாள் இருந்தார். அவரும் சொடுக்கினார். கையைத் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, 'காட் ஃபர்பிட்!' என்றபடி சொடுக்கினார். நைஜீரியாவில் அந்தச் சொடக்குக்கு அர்த்தமே வேறு. கெட்ட சொல் யார் மேலும் ஒட்டாமல் அப்பால் போகட்டும் என்று உதறுவது. விளக்கு வந்ததும் கவிஞர் அந்த அம்மாளைப் பார்த்து, "மம்மி, அந்தச் சொடக்கையும் நானே எடுத்துக்கறேன்" என்றார். எனக்குக் கண் நிறைந்தது அப்போதுதான்.

கே: 'டிப்ரஷன்' என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு உடம்பு, துணி என்றெல்லாம் சுற்றி வளைக்க வேண்டும்?

ப: நானும் இப்படிக் கேட்ட ஆள்தான். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பள்ளி இறுதியாண்டு, வாயெக் என்கிற பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம். "தலை சுடுது மா, உள்ளே ஏதோ ஊருது, படிச்சா எழுத்து நிக்க மாட்டேங்குது" என்றான். ஒரு பாரசிட்டமால் கொடுத்து வகுப்புக்கே திருப்பி அனுப்பினேன். மறுவாரமும் அதே புகார், அதே மாத்திரை. தேர்வுக்குப் பயந்து நடிக்கிறான் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அந்தப் பையன் தேர்வு எழுதவில்லை.

ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நைஜீரிய மாணவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று ரேமண்ட் பிரின்ஸ் என்ற கனடா மனநல மருத்துவர் 1960-லேயே எழுதிவைத்திருக்கிறார். தலையில் சூடு, ஊரும் உணர்வு, படித்தது மனதில் ஏறாமல் போவது. 'பிரெய்ன் ஃபேக்' என்று பெயரும் கொடுத்தார். அது தனி நோயா, பதற்றமும் மனச்சோர்வும் வேறு சட்டை போட்டு வருவதா என்று பின்னால் வந்த மருத்துவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். என் வகுப்பறைக்கு அந்தச் சண்டை தேவையில்லை. அவன் தனக்குத் தெரிந்த மொழியில் சொன்னான், நான் பாடப்புத்தகச் சொல்லுக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான். அந்தக் கவிஞர் உடம்பு, துணி என்று ஆரம்பித்ததும் எனக்கு இவன் முகம்தான் வந்தது.

கே: தற்கொலைக்கு முயன்றால் அங்கே சிறையாமே, உண்மையா?

ப: தென் மாநிலங்களுக்கான குற்றவியல் சட்டத்தின் 327-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது, ஓராண்டு வரை. லேகோஸ் மாநிலம் தன் சொந்தச் சட்டத்தில் சிறைக்குப் பதில் மருத்துவமனைக்கு அனுப்பும்படி மாற்றிக்கொண்டது. ஆனாலும் 'குற்றம்' என்ற முத்திரை போகவில்லை. இப்போது புரிகிறதா, நான் ஏன் பெயரைப் போடவில்லை என்று? அவர் மேடையில் சொன்னது வாக்குமூலத்துக்குச் சமம். அவர் வாயால் சொல்வது வேறு, நான் அச்சில் போடுவது வேறு.

1958-ஆம் வருஷத்து லுனசி சட்டம் ஒன்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. பெயரே 'பைத்தியச் சட்டம்'! அதற்கு மாற்றாகத் தேசிய மனநலச் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டது 2023 ஜனவரியில்தான். ஊர்ப்பேச்சு இன்னும் மாறவில்லை. லேகோஸின் யாபா பகுதியில் பழைய மனநல மருத்துவமனை ஒன்று இருக்கிறது. யாராவது கொஞ்சம் ஏறுக்குமாறாகப் பேசினால் 'யாபா லெஃப்ட்' என்பார்கள், அங்கே போக வேண்டிய ஆள் என்று கேலியாக.

இத்தனைக்கும் மனநல சிகிச்சையில் உலகம் பார்த்துக் கற்றுக்கொண்ட நாடு நைஜீரியா. அபெயோகுட்டாவுக்குப் பக்கத்தில் ஆரோ என்ற இடத்தில் 1954-ல் டாக்டர் லாம்போ என்ன செய்தார் தெரியுமா? நோயாளிகளைப் பூட்டிவைக்கவில்லை. சுற்றுக் கிராமங்களில் குடிவைத்தார். கூடவே ஒரு சொந்தக்காரரும் வந்து தங்கிச் சமைத்துப் போட வேண்டும். பகலில் மருத்துவமனையில் சிகிச்சை, மாலையில் கிராமத்து வீடு. நாட்டு வைத்தியர்களையும் சேர்த்துக்கொண்டார். பிற்பாடு உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநர் ஆனார்.

கே: ஸ்போக்கன் வேர்ட் அமெரிக்க இறக்குமதிதானே?

ப: மேடைப் போட்டியாக நடக்கும் 'ஸ்லாம்' 1980-களில் சிகாகோவில் பிறந்தது, சரி. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் நைஜீரியாவின் யொருபா இனப் பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகும் துக்கத்தையும் பயத்தையும் எல்லோர் முன்னிலும் பாட்டாக அழுது தீர்க்கிற 'எக்குன் இயாவோ' அதைவிட எவ்வளவோ பழசு. மைக் மட்டும்தான் இறக்குமதி.

கே: என் மகளும் இருட்டு இருட்டாகக் கவிதை எழுதிச் சொல்லிக்காட்டுகிறாள். பயப்படுவதா, பாராட்டுவதா?

ப: கவிதை இருட்டாக இருப்பதால் மட்டும் பயப்படாதீர்கள். தூக்கம், சாப்பாடு, தோழிகள் எல்லாம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள், "சாகணும்னு தோணுதா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். கவிதையை அப்புறம் பாராட்டிக்கொள்ளலாம்.

கேட்கிற விதத்துக்கு அந்தக் கெலே அம்மாளையே சொல்கிறேன். நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலையும்போது நேரே மேடைக்குப் போனார். கவிஞரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹௌ பாடி?" என்றார். கவிஞர் பழக்கதோஷத்தில் சிரித்துக்கொண்டே, "பாடி டே இன்சைட் குளோத், மா" என்றார்.

அந்த அம்மாள் கையை விடவில்லை. "துணியை யாரு கேட்டா?" என்றார்.