சிறுவயதில் பார்த்த டைனோசர்கள் எல்லாம் பொய்யா?

கேள்வி: “நாங்கள் சிறுவயதில் புத்தகங்களிலும் திரைப்படங்களிலும் பார்த்த டைனோசர்கள் தவறானவை என்று இப்போது சொல்கிறார்களே, அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக நம்மை ஏமாற்றினார்களா?”

பதில்: இந்தக் கேள்வியைப் பார்த்தும் பார்க்காதவன்போல் கடந்துபோக என்னால் முடியவில்லை, நீங்கள் குற்றம் சாட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்து பிழைப்பவன் நான். உங்கள் வீட்டிலும் எட்டு, ஒன்பது வயதில் ஒரு பிள்ளை இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் ஆசையாக ஒரு படத்தை எடுத்துக் காட்டியிருப்பீர்கள். “இது தப்பு” என்று அது முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருக்கும். எனக்கும் ஒரு பிள்ளைதான் சொன்னது. (நான் தொல்லுயிரியல் படித்தவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரிகைக்காரனுக்கு இதைப் பேச என்ன தகுதி என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம்; தவறு செய்தவன் என்ற தகுதி எனக்கு இருக்கிறது.)

ஒரு பள்ளியில் வாசிப்பு நேரத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். என் நூலின் நடுவில் இரண்டு பக்கங்களை அடைத்துக்கொண்டு ஒரு படம் இருந்தது. டிரனோசாரஸ் ரெக்ஸ் வாயைப் பிளந்துகொண்டு பாய, முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் வாலைச் சுழற்றி எதிர்த்து நிற்கும். பின்னால் எரிமலை, மேலே தோல் சிறகு விரித்த ஓர் உருவம், அதன் கீழே ‘பறக்கும் டைனோசர்’ என்ற எழுத்து, வலது மூலையில் முதுகில் பாய்மரம் போன்ற விசிறியுடன் டைமெட்ரோடான். மூன்று வாரம் கண் எரிய உழைத்த படம் என்பதால் அந்தப் பக்கத்தைத்தான் எங்கே போனாலும் விரித்துக் காட்டுவேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து வந்து, இரண்டு விலங்குகளுக்கும் நடுவே சரியாக விரலை வைத்து, “சார், இது ரெண்டும் சண்டை போட்டிருக்கவே முடியாது. ஸ்டெகோசாரஸ் அழிஞ்சு எட்டுக் கோடி வருஷம் கழிச்சுத்தானே டி. ரெக்ஸ் வந்துச்சு?” என்றாள். பிறகு விரலை மேலே நகர்த்தி, “இது டைனோசரே இல்ல” என்றாள். மூலைக்குக் கொண்டுபோய், “இதுவும் இல்ல.”

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்து, “எல்லாம் கற்பனைதானே பாப்பா” என்றேன். அவள் சிரிக்கவில்லை. “கற்பனைன்னா ஏன் சார் கீழ பேர் எழுதியிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று இரவே புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஸ்டெகோசாரஸ் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. டிரனோசாரஸ் ரெக்ஸ் வாழ்ந்ததோ 6.8 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். காலக்கணக்குப்படி அது ஸ்டெகோசாரஸைவிட நமக்கே நெருக்கமானது. வானில் பறந்த டெரோசார்கள் டைனோசர்களின் உறவினமே தவிர டைனோசர்கள் அல்ல. டைமெட்ரோடான் முதல் டைனோசர் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துபோனது என்பது மட்டுமன்று, அது ஊர்வனவற்றைவிடப் பாலூட்டிகளின் வழிமுறைக்கு, அதாவது உங்களுக்கும் எனக்கும், நெருங்கிய சொந்தம். விளையாட்டுப் பொம்மைப் பொட்டலத்தில் இவற்றுடன் ஒரு மாமத் யானையையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அந்த இனத்தின் கடைசிக் கூட்டம் ஆர்க்டிக் கடலிலுள்ள ரேங்கல் தீவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை உயிரோடு இருந்தது, எகிப்தில் பெரும் பிரமிடுகள் எழுந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பிறகும்கூட. மாண்டவை எல்லாம் ஒரே நாளில் மாண்டன என்று நம் மனம் எப்படியோ முடிவு கட்டிவிட்டது.

அந்தப் படத்தை நான் எங்கிருந்து எடுத்தேன் என்றால், என் சிறுவயதுப் புத்தகம் ஒன்றிலிருந்து. அந்தப் புத்தகத்தின் ஓவியர் தம் சிறுவயதுப் புத்தகத்திலிருந்து எடுத்திருப்பார். நீங்கள் கேட்ட ‘ஏமாற்று’ பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, யாரும் திட்டமிடாமலேயே.

ஆனால் பிழை வேறு, பொய் வேறு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மருத்துவராக இருந்த கிடியன் மான்டெல் சில பற்களையும் எலும்புகளையும் வைத்துக்கொண்டு, அந்தப் பற்கள் இகுவானா என்ற ஓணான் வகையின் பற்களை ஒத்திருந்ததால், 1825-இல் அந்த விலங்குக்கு இகுவனோடான் என்று பெயரிட்டார். அதனுடையதாகக் கிடைத்த கூம்பு வடிவ எலும்பு ஒன்று எங்கே பொருந்தும் என்று அவருக்குத் தெரியவில்லை. காண்டாமிருகத்தின் கொம்பை மனத்தில் வைத்து மூக்கின்மேல் பொருத்தினார். 1854-இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்து நிறுத்திய இகுவனோடான் சிலைகளிலும் அந்தக் கொம்பு மூக்கில்தான் இருக்கிறது. இன்றும் போய்ப் பார்க்கலாம். சிலை முடிவதற்கு முன், 1853 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, அதன் அச்சுக்குள்ளேயே மேசை போட்டு அறிஞர்களுக்கு விருந்து வைத்தார்கள் என்பது தனிக்கதை. பிறகு 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் என்னுமிடத்து நிலக்கரிச் சுரங்கத்தில், 300 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், முப்பதுக்கும் மேற்பட்ட இகுவனோடான் எலும்புக்கூடுகள் அகப்பட்டன. மூக்கில் வைத்த அந்தக் கொம்பு உண்மையில் கைக்கட்டை விரலின் முள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கட்டை விரலைக் கொண்டுபோய் மூக்கில் வைத்த மனிதரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கையில் ஒரு பிடி எலும்பை வைத்துக்கொண்டு அவர் போட்ட கணக்கு நேர்மையானது. பெர்னிசார் எலும்புக்கூடுகளை ஆராய்ந்து அந்தக் கணக்கைத் திருத்திய லூயி டோலோவும் அவற்றைக் கங்காருவைப்போல நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றி நிறுத்தினார். அது தவறு என்று சொல்ல அடுத்த நூற்றாண்டில் வேறு ஒருவர் வரவேண்டியிருந்தது. நாம் சிறுவயதில் பார்த்த, வாலை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கிற டி. ரெக்ஸும் அந்த மரபில் வந்ததுதான்.

திரைப்படத்தைத் திட்டுபவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 1993-இல் வந்த ஜுராசிக் பார்க் படத்தில் ஆள் உயரத்துக்கு நின்று கதவைத் திறக்கும் வெலாசிராப்டர், உண்மையில் வான்கோழி அளவிலான விலங்கு. நீளம் சுமார் 2 மீட்டர், அதிலும் பெரும்பகுதி வால். படத்தில் வருவது அதன் பெரிய உறவினமான டைனோனிக்கஸை நினைவூட்டும் உருவம். உருவ அளவில் செய்தது தெரிந்தே செய்தது, அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் இறகு விஷயத்தில் அவர்களைப் பழிப்பது முழு நியாயமன்று. சீனாவின் லியாவோனிங் பகுதியில் கிடைத்த, உடலெங்கும் மென்தூவி படிந்த சைனோசாரோப்டெரிக்ஸ் உலகுக்கு அறிமுகமானது 1996-இல், படம் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து. வெலாசிராப்டரின் முன்கை எலும்பிலேயே, இன்றைய பறவைகளுக்கு இறகுத் தண்டு பொருந்துகிற இடத்தில் இருப்பதுபோன்ற சிறு புடைப்புகள் வரிசையாக இருப்பதை ஆய்வாளர்கள் 2007-இல் அறிவித்தார்கள். ஆறு சின்ன மேடுகள். அந்த ஆறு மேடுகளால் என் பழைய படங்களில் பாதி குப்பைக்குப் போயின.

குப்பைக்குப் போயிருக்கவேண்டும் என்று சொல்வதுதான் சரி. ஏனென்றால் போகவில்லை, என் மனக்குறையே அதுதான். அந்தச் சிறுமியைச் சந்தித்த பிறகு நூலின் மறுபதிப்புக்காக நடுப்பக்கத்தைப் புதிதாக வரைந்தேன். ஸ்டெகோசாரஸை அதன் காலத்துக்கு அனுப்பினேன், வெலாசிராப்டருக்கு இறகு வைத்து, முழங்கால் உயரத்துக்குச் சற்று மேல் நிற்கும் உருவமாகச் சுருக்கினேன். பதிப்பகத்தில் பொறுப்பில் இருந்தவர் படத்தைக் கையில் எடுத்து, சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, “கோழி மாதிரி இருக்குதே, இதைப் பார்த்து எந்தப் பிள்ளை பயப்படும்?” என்றார். பயப்பட வைக்கவேண்டும் என்று நூலில் எங்கும் எழுதப்படவில்லை என்றேன். நூலின் அட்டையில் இருந்தது ‘அறிவியல்’ என்ற சொல். விவாதம் ஒரு தேநீர் ஆறுகிற நேரம்கூட நீடிக்கவில்லை. பழைய படமே மறுபடியும் அச்சானது, ‘பறக்கும் டைனோசர்’ என்ற எழுத்து உட்பட. கீழே என் கையெழுத்து. ஏன் மறுத்துவிட்டு வரவில்லை என்று கேட்பீர்கள். அந்த மாதம் எனக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. இதற்கு மேல் அழகான காரணம் என்னிடம் இல்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில் இது: மான்டெல் உங்களை ஏமாற்றவில்லை, என் முதல் பதிப்பும் ஏமாற்றவில்லை, இரண்டாம் பதிப்பு ஏமாற்றியது.

இங்கே இரண்டு தரப்பிலிருந்தும் எனக்கு வசவு வரும் என்று தெரியும். நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்லும் அறிவியலை எப்படி நம்புவது என்பார்கள் ஒரு தரப்பினர். மூக்கிலிருந்த முள் கைக்கு வந்தது முப்பது எலும்புக்கூடுகளின் சாட்சியத்தால். யாருடைய மனமாற்றத்தாலும் அன்று. மறுதரப்பினர் அண்மையில் இறகுகளைப் பற்றி அறிந்து, எதைப் பார்த்தாலும் இறகு ஒட்டச் சொல்பவர்கள். அவர்களும் சற்றுப் பொறுக்கவேண்டும். டிரனோசாரஸ் ரெக்ஸின் கழுத்து, இடுப்பு, வால் ஆகிய பகுதிகளின் தோல் பதிவுகளில் செதில்களே தெரிகின்றன என்று 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. எங்கேனும் கொஞ்சம் தூவி இருந்திருக்கலாம். ஆனால் அதை உடல் முழுவதும் போர்த்திய பெரிய கோழியாக வரைவதற்கு இப்போதைக்குச் சான்று இல்லை.

பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்டு ஓவன் 1842-இல் வைத்த டைனோசர் என்ற பெயரைத் தமிழில் ‘பயங்கரப் பல்லி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். அது பல்லியும் அன்று. பயங்கரம் என்பதில் அவர் கருதியது பேருருவின் வியப்பையே. ‘தொன்மா’ (தொன்மையான விலங்கு) என்று சிலர் எழுதுவது எனக்கு இதைவிடப் பிடித்திருக்கிறது, ஆனால் அதுவும் முழுக்கப் பொருந்தாது. பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை என்றால், என் சன்னலுக்கு வெளியே கத்தும் காக்கையைத் தொன்மா என்று எப்படி அழைப்பது?

உங்கள் பிள்ளை அடுத்தமுறை “தப்பு” என்று சொன்னால், எது தப்பு, எந்த எலும்பைப் பார்த்துத் தெரிந்தது என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் உங்களைவிட நன்றாகப் பதில் சொல்லும். நிறம் மட்டும் நாங்கள் இட்டுக்கட்டுவது என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். 2010-இல் சைனோசாரோப்டெரிக்ஸின் தூவிகளில் எஞ்சியிருந்த நுண்ணிய நிறமித் துகள்களை ஆராய்ந்து, அதன் வாலில் செம்பழுப்பும் வெளிர்நிறமும் மாறிமாறி வரும் பட்டைகள் இருந்தன என்றார்கள். அந்த வாலை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். என் வாழ்க்கையில் நிறம் தெரிந்து வரைந்த முதல் டைனோசர் அதுதான்.

திருப்பி அனுப்பப்பட்ட அந்த நடுப்பக்கம் இன்னும் என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறது. புதிதாக ஏதேனும் தெரியவந்தால் இறக்கி, திருத்தி, மறுபடியும் மாட்டுவேன். 2023-இல், டி. ரெக்ஸின் பற்கள் முதலைக்குத் தெரிவதுபோல் வெளியே தெரியாமல், உதடு போன்ற திசுவால் மூடியிருந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு சொன்னது. எல்லோரும் அதை ஏற்கவில்லை. பல நாள் யோசித்து, பென்சிலால் மட்டும் அதன் வாயை மூடிவைத்திருக்கிறேன், தேவைப்பட்டால் அழித்துக்கொள்ளலாம் என்று. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கிறார்கள்.