1,480 வெள்ளிக் கணக்கும் மூடாத பக்கக் கதவும்

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன் 2019ல் வாங்கிய டெஸ்க்டாப்பில்தான் வீடியோ எடிட் செய்கிறான், அப்புறம் கேம்ஸ். ரைசன் 5 2600 ப்ராசசர் சிப், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம். இப்போதெல்லாம் வீடியோ ரெண்டர் போட்டால் காற்றாடி ஹேர்டிரையர் மாதிரி கத்துகிறது, சூடு 90 டிகிரியைத் தொடுகிறது. கடையில் கேட்டோம். “விண்டோஸ் 11 இதில் ஓடாது, எல்லாவற்றையும் மாற்றணும்” என்று சொல்லி, எக்ஸ்870 மதர்போர்டு, புது சிப், 32 ஜிபி டிடிஆர்5, 360 மில்லிமீட்டர் வாட்டர் கூலர் எல்லாம் சேர்த்து 1,480 வெள்ளிக்கு எழுதித் தந்தார்கள். அவன் அறையில் ஏர்கான் கிடையாது. வாங்கலாமா?
– ஈசூன் வாசகி

பதில்: வேண்டாம். அந்தத் தாளை மடித்து ஒரு ஓரமாக வையுங்கள்.

முதலில் விண்டோஸ் விவகாரம். உங்கள் ரைசன் 5 2600, மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலேயே இருக்கிறது. பல பழைய போர்டுகளில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளில், அணைந்து கிடக்கும். பெரும்பாலும் அதை ஆன் செய்தால் போதும். கடைக்காரர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை.

அடுத்தது சூடு. அந்தச் சிப்போடு பெட்டியில் வந்த சின்னக் காற்றாடிதான் இன்னும் ஓடுகிறது என்று நினைக்கிறேன். இத்தனை வருடத்தில் அதன் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி பஞ்சு மாதிரி அடைத்திருக்கும், சிப்பின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்த அடியில் தடவிய பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். சுத்தம் செய்து புது பேஸ்ட் போட்டுப் பாருங்கள். செலவு சில வெள்ளிதான், சத்தம் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

ஒரு விஷயம் மனத்தில் இருக்கட்டும். யூடியூப் விமர்சகர்கள் கூலரைச் சோதிப்பது பெரும்பாலும் 20 டிகிரி சொச்சத்தில் இருக்கும் அறையில். உங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் மத்தியானம் 31, 32. காற்றில் ஓடும் கூலரோ தண்ணீரில் ஓடும் கூலரோ, எதுவும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. வீடியோவில் 70 காட்டும் கூலர் இங்கே 80 காட்டும். அது கூலரின் குறையில்லை.

எடிட்டிங் வேகமாக வேண்டும் என்றால் சிப்பை மட்டும் மாற்றலாம். ரைசன் 7 5700எக்ஸ், உங்கள் போர்டில் சிப் உட்காரும் அதே ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்தும். ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் கோர்கள் 6க்குப் பதில் 8, அதுவும் 65 வாட்டிலேயே. 105 வாட் சிப்களும் உண்டு, ஆனால் மலிவான பி450 போர்டின் மின்பகுதிக்கு அது சுமை. ரேம் அப்படியே இருக்கும், மதர்போர்டும் அப்படியே. கடைக்காரர் எழுதிய எக்ஸ்870 போன்ற புது ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 மட்டும்தான் வேலை செய்யும். கையில் இருக்கும் 16 ஜிபி வீணாகிவிடும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியிருக்கும் ஏற்றத்தில் அந்த 32 ஜிபிதான் உங்கள் கணக்கில் பெரிய ஓட்டையாக இருக்கும்.

மகனிடம் வரிசையை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். பழைய சிப் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில், உங்கள் மாடலுக்கான சிப் பட்டியலில் 5700எக்ஸ் எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து என்று போட்டிருக்கும். புது சிப்பை முதலில் மாட்டினால் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

பழைய கூலரைக் கழற்றும்போதும் நிதானம் தேவை. பத்து நிமிடம் கேம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் கணினியை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, இடம் வலமாகத் திருகி எடுக்க வேண்டும். நேராகப் பிடித்து இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து சிப்பும் சேர்ந்து வந்துவிடும், அதன் பின்கள் வளையும்.

5700எக்ஸ் காற்றாடி இல்லாமல்தான் வருகிறது. 120 மில்லிமீட்டர் காற்றாடி ஒன்று வைத்த டவர் கூலர் தாராளம். வாட்டர் கூலர் பார்க்க அழகு, ஆனால் அதில் பம்ப் என்ற இன்னொரு உறுப்பு இருக்கிறது, அது ஒரு நாள் சாகும். 65 வாட்டுக்கு அந்தத் தொல்லை எதற்கு?

வாங்கும் முன் கணினிப் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, சிப் இருக்கும் மட்டத்திலிருந்து கதவு வரும் மட்டம் வரை ஸ்கேல் வைத்து அளங்கள். சிறிய கேஸிங்குகளில் 150 மில்லிமீட்டர்கூடத் தேறாது, டவர் கூலர்களோ பெரும்பாலும் 155 முதல் 165 வரை. நான் ஒருமுறை அளக்காமல் 165ஐ வாங்கிவிட்டு, நாலு மாதம் கதவைத் திறந்து போட்டே ஓட்டினேன். கடைசியில் உள்ளே ஒரு பல்லி குடியேறிய பிறகுதான் வேறு கேஸிங் வாங்கினேன்.

இன்று வாங்கும் கூலர் பிறகு வீண் போகாது. ஏஎம்4, ஏஎம்5 இரண்டுக்கும் திருகுத் துளைகளின் இடைவெளி ஒன்றே, பெரும்பாலான கூலர்கள் இரண்டிலும் மாட்டும். ஏஎம்5க்குப் போகும் காலம் வந்தால், ஒரு கிராஃபிக்ஸ் அட்டையும் இரண்டு எஸ்எஸ்டியும் வைக்கிற வீட்டுக்கு பி650 அல்லது பி850 போர்டு போதும். எக்ஸ்870ல் யுஎஸ்பி4 என்ற அதிவேக இணைப்பு கட்டாயம் உண்டு, அதற்கும் சேர்த்துத்தான் காசு. உங்கள் மகன் அதில் எதைச் செருகப் போகிறான்?

சிப்பும் கூலரும் சேர்த்து அந்த 1,480ல் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சிம் லிம் ஸ்குவேரில் குறைந்தது மூன்று கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள்.

கேள்வி: புது மதர்போர்டு வாங்கி வீட்டில் பிரித்தால் சாக்கெட்டில் இரண்டு பின் வளைந்திருக்கிறது. “நீதான் வளைத்தாய்” என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?
– பிடோக் வாசகர்

பதில்: 2012 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் குறையுள்ள பொருளுக்கான ‘லெமன் லா’ சட்டம் இருக்கிறது. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. ஆனால் வளைந்த பின் விஷயத்தில் அவர் வாதமும் எடுபடக்கூடியதுதான். அது கை பட்டால் வளையும் சாமான்.

பிரித்தபோது எடுத்த படம் ஏதாவது போனில் இருந்தால் உங்கள் கை ஓங்கும். முதலில் எழுத்து மூலம் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேளுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் செய்யலாம், அல்லது நேரே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான், வக்கீலும் வேண்டாம்.

இனி வாங்குபவர்களுக்கு: பணம் கட்டியதும் கடை மேசையிலேயே சாக்கெட் மூடியைத் திறந்து படம் எடுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடாதீர்கள், உத்தரவாதத்துக்குத் திருப்பி அனுப்பும்போது அது இல்லாமல் எடுக்க மாட்டார்கள். கேரோசெல் இணையச் சந்தையில் தனிநபரிடம் வாங்கினால் லெமன் லா கைகொடுக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: கணினிப் பாகம் வெளிநாட்டு இணையக் கடையில் 40 வெள்ளி மலிவு. ஆர்டர் போடலாமா?
– செங்காங் வாசகர்

பதில்: பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். 2023லிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. அதற்குப் பிறகும் மலிவாக இருந்தால், கூலரை வாங்குங்கள், அதில் கெட்டுப்போக காற்றாடியைத் தவிர ஒன்றுமில்லை. மதர்போர்டை மட்டும் பஸ் ஏறிப் போய்த் திருப்பிக் கொடுக்கக்கூடிய கடையில் வாங்குங்கள்.