சோலார் வெந்நீருக்குச் செம்புக் குழாயா, சி.பி.வி.சி.யா?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “புது வீட்டு மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் வைக்கிறோம். லண்டனில் இருக்கும் தம்பி, ‘செம்புக் குழாய் போடு, இல்லையென்றால் இங்கே மாதிரி அழுத்திச் செருகுகிற பிளாஸ்டிக் போடு’ என்கிறான். பிளம்பர் சி.பி.வி.சி. (வெந்நீருக்கான பிளாஸ்டிக் குழாய்) போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?”

பிளம்பர் சொல்வதையே கேளுங்கள், டேங்கை ஒட்டிய முதல் ஒரு மீட்டரைத் தவிர.

தம்பி சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே பாய்லர் தண்ணீர் ரேடியேட்டர்களில் சுற்றி அறைகளையே சூடாக்குகிறது. மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்கும் நமக்குக் குளிக்க வெந்நீர் வந்தால் போதும். தவிர, அந்தச் செருகு இணைப்புகள் 15, 22 மி.மீ. குழாய்க்கென்று செய்தவை. நம் அரை அங்குல சி.பி.வி.சி.யின் வெளிவிட்டம் 15.9 மி.மீ., உள்ளேயே போகாது. ரப்பர் வளையம் போனால் லண்டனிலிருந்தா பார்சல் வரும்?

செம்பு எவ்வளவு சூட்டையும் தாங்கும். ஆனால் விலை அதிகம். அதைப் பற்றவைக்க ஏசி மெக்கானிக்கைத்தான் தேட வேண்டியிருக்கும். வேதாரண்யம், நாகை பக்கம் போல உப்பேறிய போர் தண்ணீர் என்றால் நாளடைவில் புள்ளி புள்ளியாக அரிக்கவும் செய்யலாம். சி.பி.வி.சி.யை உப்பு ஒன்றும் செய்யாது.

அதற்கு ஆகாதது மிஞ்சிய சூடு. 93 டிகிரிதான் அதன் எல்லை. சூடு ஏற ஏற அழுத்தம் தாங்கும் சக்தியும் குறையும். சித்திரையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் கல்யாணத்துக்குப் போனால், யாரும் திறக்காத டேங்கில் தண்ணீர் கொதிக்கிற அளவுக்கே போய்விடும். அதனால் டேங்கிலிருந்து முதல் ஒரு மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது செம்பு, அப்புறம் பித்தளைத் திருகு உள்ள இணைப்பு வைத்து சி.பி.வி.சி. (லண்டனிலும் பாய்லரை ஒட்டிய முதல் மீட்டருக்குச் செம்புதான் போடுவார்கள், தம்பியைக் கேட்டுப் பாருங்கள்.) ஊருக்குப் போகும்போது சோலார் ட்யூபுகள் மேல் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள்.

சூட்டில் சி.பி.வி.சி. குழாய் நன்றாக நீளும்: 10 மீட்டருக்கு 40 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 2.5 செ.மீ. கிளாம்பை இறுக்கிப் பிடித்துவிட்டால் குழாய் வளைந்து இணைப்பில் விட்டுவிடும். வெயிலும் அதற்கு ஆகாது, மாடியில் ஓடுகிற பகுதிக்கு இன்சுலேஷன் உறை கட்டாயம்.

முக்கால் அங்குலக் குழாய் 10 மீட்டரில் சுமார் இரண்டரை லிட்டர் பிடிக்கும். காலையில் அத்தனை பச்சைத் தண்ணீரும் போன பிறகுதான் வெந்நீர் வரும். மாடியிலிருந்து இறங்குவது முக்கால், குளியலறைக்குள் போவது அரை அங்குலம் என்று வையுங்கள்.

கடையில் ஐ.எஸ். 15778 என்ற இந்தியத் தர முத்திரையும், குழாய்ச் சுவரின் தடிமனைக் குறிக்கும் எஸ்.டி.ஆர். 11 என்பதும் குழாயிலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். சாதா பி.வி.சி. சொல்யூஷனை எடுத்துப் பூசினால் தடுத்து, சி.பி.வி.சி.க்கு உரியதை வாங்கி வரச் சொல்லுங்கள். ஒட்டி 24 மணி நேரம் போகட்டும், பிறகு அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்துவிட்டுத்தான் கொத்தனார் சுவரை மூட வேண்டும்.