நிமிர்ந்த தேங்காயும் 22 அடித் தண்ணீரும்

ஐயா,

பேய், ஆவி, குறி எதுவும் சோதனைக்கு நிற்காது என்று எழுதியிருந்தீர்கள். அவற்றை விடுங்கள், நீரோட்டம் பார்ப்பதை எப்படி மறுப்பீர்கள்? உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் தென்னந்தோப்பு. சென்ற ஆண்டு ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். அவர் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் ஓரிடத்தில் சட்டென்று நிமிர்ந்து நின்றது. அங்கே 22 அடியில் அருமையான நல்ல தண்ணீர். இதையெல்லாம் நம்பாத பக்கத்துத் தோப்புக்காரர் 90 அடிக்கு போர் இறக்கினார். வாயில் வைக்க முடியாத உப்பு. ஓ பாசிட்டிவ் ரத்தம் உள்ளவர்களுக்கே இந்த ஆற்றல் வருமாம். இப்போது தம்பியும் தன் பங்கில் போர் போடப் போகிறான். கண்ணால் கண்டதை இல்லை என்பீர்களா?

சே., உச்சிப்புளி

அன்புள்ள சே.,

இல்லை என்று சொல்ல மாட்டேன். தேங்காய் நிமிர்ந்தது, உங்களுக்கு நல்ல தண்ணீர் வந்தது, அவருக்கு உப்பு வந்தது. மூன்றும் நடந்தவைதான். முதலாவதுக்கும் மற்ற இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி. விடையை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்: 22, 90.

உங்கள் பகுதி மணற்பாங்கு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓடிப் போகாமல் நேரே உள்ளே இறங்கிவிடுகிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீருக்கு ஏறத்தாழ 1.025. எனவே அடியில் ஊறி நிற்கும் உப்புநீரோடு சட்டென்று கலக்காமல் மழைநீர் அதன் மேல் மிதக்கிறது. நிலத்தடியில் நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட ஓரடி உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நெதர்லாந்தின் பாடன் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே போட்ட கணக்கு. இரண்டும் கலக்கும் பட்டை ஒன்று நடுவில் இருப்பதால் நடைமுறையில் இன்னும் குறையும். பக்கத்துத் தோப்புக்காரர் அந்த நன்னீரைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விட்டார். அவரைக் கெடுத்தது ஆழம். அவநம்பிக்கையின் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்?

தனுஷ்கோடியில் மீனவப் பெண்கள் அலைக்குச் சற்றுத் தள்ளி மணலைத் தோண்டிக் குடிநீர் எடுக்கிறார்கள். யாரும் தேங்காய் கொண்டு போவதில்லை. தங்கச்சிமடத்து வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. ராமர் வில்லை ஊன்றிய கதை எனக்கும் பிடிக்கும். கதை இல்லாவிட்டாலும் அங்கே தண்ணீர் இருக்கும்.

தேங்காய் நிமிர்ந்த இடத்தில் தண்ணீர் வந்ததா என்று மட்டுமே எல்லோரும் கேட்கிறார்கள். நிமிராத இடத்தில் வராதா? அதை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. பணம் செலவாகும், சரிதான். ஆனால் அதைப் பார்க்காதவரை கையில் இருப்பது பாதிக் கணக்கு.

மீதிப் பாதியையும் பார்த்தவர்கள் உண்டு. 1990இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நீரோட்டம் பார்க்கும் சுமார் 30 பேரை மூன்று நாள் சோதித்தார்கள். சமநிலத்தில் 50 சென்டிமீட்டர் ஆழத்தில் பிளாஸ்டிக் குழாய்கள். எங்கே குழாய் ஓடுகிறது என்பதை மேலே வண்ணப்பட்டை போட்டே காட்டிவிட்டார்கள். இப்போது அதில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா, அதைச் சொன்னால் போதும். சோதனை நியாயமானது, தங்களுக்கு நூற்றுக்கு நூறு சரியாக வரும் என்று அனைவரும் முன்கூட்டியே கையெழுத்திட்டார்கள். இத்தகைய ஆற்றல்களைச் சோதித்துப் பார்த்துவந்த அமெரிக்க மந்திரவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி 10,000 டாலர் பரிசும் அறிவித்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் எவ்வளவு சரியாகுமோ அவ்வளவுதான் சரியானது. பரிசு யாருக்கும் போகவில்லை.

உங்கள் பெரியவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். இங்கேதான் பகுத்தறிவு பேசும் நண்பர்கள் பலர் அவசரப்படுகிறார்கள். எதிர்பார்ப்பு ஒன்று மனத்தில் இருந்தால், நாம் அறியாமலேயே தசைகள் நுணுக்கமாக அசையும் என்று 1852இலேயே ஆங்கிலேய உடலியல் அறிஞர் வில்லியம் கார்பென்டர் விளக்கிவிட்டார். கை நூலளவு சாய்ந்தால் போதும், தேங்காய் எழுந்துவிடும். கை அசைந்தது அவருக்கே தெரியாது. தேங்காய் தானாக எழுந்தது என்று அவர் சத்தியம் செய்தால் அது பொய்ச் சத்தியம் ஆகாது. போதாததற்கு அவர் பல தோப்புகளைப் பார்த்தவர், எங்கே மேடு, எங்கே தாழ்வு, எந்த மரம் செழித்திருக்கிறது என்பதைக் கண் கவனித்திருக்கும். கரையான் புற்றையும் மரங்களையும் வைத்து நிலத்தடி நீரைக் கணிப்பதை 6ஆம் நூற்றாண்டில் வானியல் அறிஞர் வராகமிகிரர் எழுதி வைத்தார். அந்த அனுபவ அறிவுக்கு உரிய பாராட்டைத் தேங்காய் வாங்கிக்கொண்டு போவதுதான் எனக்கு எரிச்சல்.

ஓ பாசிட்டிவ் விஷயம்: நம் ஊரில் மிகப் பரவலான ரத்த வகைகளில் அதுவும் ஒன்று. உங்கள் தெருவிலேயே எத்தனை பேருக்கு அந்த ஆற்றல் இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள்.

தம்பி போர் போடுவதற்கு முன் ஒன்று செய்யலாம். பெரியவர் ஓர் இடத்தைக் குறிக்கட்டும். பிறகு அவர் சம்மதத்தோடு கண்ணைக் கட்டி, தோப்பைச் சுற்றி நாலாபக்கமும் நடத்திவிட்டு, அதே இடத்தின் மேல் பலமுறை அழைத்துச் செல்லுங்கள். கையைப் பிடித்து நடத்துபவருக்கும் குறித்த இடம் தெரியக் கூடாது. வேறு ஊரிலிருந்து இன்னொருவரையும் தனியாக அழைத்து வந்து பார்க்கலாம். நீரோட்டம் மண்ணில் இருந்தால் இருவரின் தேங்காயும் ஒரே இடத்தில் எழ வேண்டும்.

எங்கே போட்டாலும் தம்பியை ஆழம் போக விடாதீர்கள், பெரிய மோட்டாரும் வேண்டாம். வேகமாக உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்புநீர் கூம்பாக எழுந்து குழாய்க்குள் வந்துவிடும். இந்த எச்சரிக்கை உங்கள் 22 அடிக் கிணற்றுக்கும் சேர்த்துத்தான். உங்கள் பங்குக்கும் தம்பி பங்குக்கும் மேலேதான் வேலி, கீழே இருப்பது ஒரே தண்ணீர்.