பாக்ஸா, மைட்டியா? அதற்கு முன்னால் ஒரு சட்டம் இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 43. ஐப்பசியில் மழை பிடித்தால் தை முடியும்வரை மூக்கடைப்பும் சைனஸ் தலைவலியும்தான். டொராண்டோவில் இருக்கும் என் அத்தை மகன் அடுத்த மாதம் சென்னை வருகிறான். உலர்ந்த மூலிகையைப் போட்டுச் சூடாக்கி இழுக்கும் கையடக்க வேப்பரைசர் ஒன்று வாங்கி வருகிறேன், துளசி, கற்பூரவள்ளி, நொச்சி எதை வேண்டுமானாலும் போடலாம் என்கிறான். பாக்ஸ் 3, மைட்டி பிளஸ் என்று இரண்டின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, எது வேண்டும் என்று கேட்கிறான். விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது. எதைச் சொல்லட்டும்?
வாசகர், வேளச்சேரி

பதில்: இரண்டுமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆனாலும் நீங்கள் கேட்டது ஒப்பீடு என்பதால், முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

பாக்ஸ் 3 சட்டைப் பையில் அடங்கும். உள்ளே ஒரு குட்டி அறை. அதன் சுவர் தோசைக்கல் போலச் சூடாகி, ஒட்டியிருக்கும் இலையைச் சூடாக்கும். அதனால் இலையைப் பொடியாக நுணுக்கி, அழுத்தி அடைக்க வேண்டும். நடுவே கிளறிவிடாவிட்டால் ஓரம் கருகும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். வெப்பம் 182 முதல் 215 டிகிரி செல்சியஸ் வரை. மைட்டி பிளஸ் ஜெர்மனியின் ஸ்டோர்ஸ் அண்ட் பிக்கல் தயாரிப்பு. சட்டைப் பையில் வைக்க முடியாத பருமன். இதில் சுவர்ச் சூட்டோடு, நாம் இழுக்கும்போது சூடான காற்றும் இலைக்குள் புகுந்து வரும். 40 முதல் 210 டிகிரி வரை நாமே வைத்துக்கொள்ளலாம். ஆவி கொஞ்சம் ஆறி வருவதற்கும் வழி செய்திருக்கிறார்கள். பொருளாக மட்டும் பார்த்தால் மைட்டிதான் உயர்ந்தது. இரண்டிலும் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டது. அது ஓய்ந்தால் நாமே மாற்ற முடியாது. சென்னையில் அதைத் திறந்து பார்க்க ஆள் தேடி அலைய வேண்டியதுதான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2019-ல் வந்த மின் சிகரெட் தடைச் சட்டத்தைப் பலரும் நிக்கோட்டின் சம்பந்தப்பட்டது என்றே நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளிழுப்பதற்கான ஆவியை உண்டாக்கும் மின்னணுக் கருவி எதுவாக இருந்தாலும், நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தப் பெயரில் எந்த வடிவில் வந்தாலும் அதற்குள் அடங்கும். மருந்துச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவற்றுக்கு மட்டும் விலக்கு. துளசி போட்டேன், ஓமம் போட்டேன் என்பது வாதமாக நிற்காது. தயாரிப்பு, விற்பனை, விளம்பரம், இறக்குமதி எல்லாமே தடை. முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெட்டியில் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்குவதும் நாட்டுக்குள் கொண்டுவருவதுதான்.

உங்கள் அத்தை மகனிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கடையில் வாங்கிய புதுசா, அவர் வைத்திருப்பதா? கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொருள். இந்தக் கருவிகள் அங்கே பெரும்பாலும் அதற்குத்தான் விற்கப்படுகின்றன. அறைக்குள் அதன் பிசின் ஒட்டியிருந்தால், இங்கே அது 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வரைக்கும் போகும். உறவுக்காரருக்கு மூக்கடைப்பு மருந்து கொண்டுவந்தவர் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பானேன்?

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கருவி உங்கள் மூக்குக்கு ஆனதில்லை. இதைச் சொல்லக் கொஞ்சம் அடுப்படி விஞ்ஞானம் வேண்டும். யூகலிப்டஸ் வாசனைக்குக் காரணமான சினியோல் 176 டிகிரியில் கொதிக்கும். துளசியில் இருக்கும் யூஜினால் 254 டிகிரியில். இதைப் பார்த்தால், அவ்வளவு சூடு காட்டினால்தான் சத்து வெளியே வரும் என்று தோன்றும். ஆனால் அம்மா நொச்சியைப் போட்டுக் கொதிக்க வைக்கும் பானை 100 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. வாசனை மட்டும் தெருமுனை வரை போகிறது. நீராவி கிளம்பும்போது அந்த எண்ணெயையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வருவதுதான் காரணம். தைல ஆலைகளில் எண்ணெய் எடுப்பதும் இதே முறையில்தான். உலர்ந்த இலையை 200 டிகிரிக்குக் கொண்டுபோனால் வருவது ஈரமே இல்லாத சூட்டுக் காற்றும் இலைத் துகளும்; போதாக்குறைக்குக் கருகிய துண்டுகளும் வரும். அடைத்துக்கொண்ட மூக்குக்கு வேண்டியது ஈரம்.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது ஆவி பிடிக்கும் மெஷின். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பிலேயே இதற்கும் வேப்பரைசர் என்றுதான் பெயர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இது தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கிறது. மேலே சொன்ன ரகமில்லை. இதிலும் இரண்டு வகை உண்டு. உங்களுக்கு உண்மையான தேர்வு இங்கேதான்.

விலை குறைந்த பிளாஸ்டிக் வகையில் ஹீட்டரே கிடையாது. இரண்டு உலோகத் தகடுகள் தண்ணீரில் முங்கியிருக்கும். கரண்ட் தண்ணீர் வழியாகவே பாய்ந்து அதைச் சூடாக்கும். தண்ணீர் தீர்ந்தால் கரண்ட் பாதை அறுந்து தானே நின்றுவிடும் என்பது இதன் நல்ல குணம். கெட்ட குணம், பிளக் செருகியிருக்கும்வரை அந்தத் தண்ணீரிலேயே கரண்ட் இருக்கும் என்பது. மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தால் ஷாக்தான். இரண்டாவது வகையில் அடியில் சூடாகும் தட்டு உண்டு. தண்ணீர் அதன்மேல் இருக்கும். விலை கொஞ்சம் கூடுதல். தண்ணீர் வற்றினால் தானாக அணையும் வசதி இருக்கிறதா என்று பெட்டியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்காமல் இந்த இரண்டாவது வகைதான். இரண்டிலுமே ஐ.எஸ்.ஐ. முத்திரை, மூன்று முள் பிளக், பில் இந்த மூன்றையும் விடாதீர்கள்.

இலையைத் தொட்டிக்குள் போட்டு அடைத்துவிட வேண்டாம். நொச்சிதான் வேண்டும் என்றால் பழைய முறைப்படி பாத்திரத்தில் கொதிக்க வையுங்கள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தரையில் அசையாதபடி வைத்த பிறகு போர்வைக்குள் போங்கள். ஆவி பிடிக்கும்போது ஏற்படும் தீக்காயங்களில் பல, மடியிலோ மேசை விளிம்பிலோ வைத்த பாத்திரம் கவிழ்ந்து ஏற்படுபவை. குழந்தைகளுக்குக் கற்பூரம் கலந்த தைலம் வேண்டவே வேண்டாம்.

ஆவி அடைப்பைத் தளர்த்தி இதமளிக்கும், அவ்வளவுதான். சைனஸை அது குணப்படுத்தாது. வீசிங் உள்ளவர்களில் சிலருக்குச் சூட்டு ஆவி இழுத்ததும் இருமல் கூடும். தலைவலி பத்து நாளுக்கு மேல் நீண்டாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். அத்தை மகனிடம் மேப்பிள் சிரப் கேளுங்கள், நல்லாயிருக்கும்.

கேள்வி: போன வாரம் வாங்கிய ஸ்டீமரில் பத்து நிமிடம் ஆகியும் ஆவியே வரவில்லை. கேன் தண்ணீர்தான் ஊற்றினேன். கடையில் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள்.
வாசகி, மடிப்பாக்கம்

பதில்: மெஷின்மேல் தப்பு இருக்காது. உங்களுடையது தகடு வகை என்றால், கேன் தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் கரண்ட் சரியாகப் பாயாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள். அதற்காக உப்பு ஏறிய போர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், பொங்கித் தெறிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தகட்டில் படியும் வெள்ளையைத் தேய்த்து எடுங்கள். அப்புறமும் ஆவி வராவிட்டால் பில்லோடு கடைக்குப் போங்கள். அவர்கள் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்யலாம்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒருவர் ‘நிக்கோட்டின் இல்லாத ஹெர்பல் வேப்’ என்று விற்றார். 3,500 ரூபாய் ஜி-பேயில் அனுப்பினேன். பொருளும் வரவில்லை, ஆளும் என்னை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
வாசகர், பெரம்பூர்

பதில்: தடை செய்யப்பட்ட பொருள் கைக்கு வரவில்லை என்று நுகர்வோர் கோர்ட்டில் போய் நிற்பதில் பலன் இருக்காது. ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் மறைந்தது மோசடி. தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள். உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். பணம் அந்தக் கணக்கை விட்டு நகர்வதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு. இதைப் படித்து முடிப்பதற்குள் போனை எடுத்திருக்க வேண்டும்.